காற்று கசிந்தது, குற்றவாளி யார்?

கானடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் லாக்-மெகாந்திக் என்றொரு சிறு நகரம். 2013 ஜூலை 6-ந் தேதி நள்ளிரவுக்குப் பின், கச்சா எண்ணெய் நிரம்பிய 72 டாங்கி வண்டிகளுடன் ஒரு ரயில், டிரைவரே இல்லாமல் சரிவில் ஓடிவந்து அந்நகரின் நடுவே கவிழ்ந்து தீப்பிடித்தது. 47 பேர் மாண்டனர். டிரைவர் கைப் பிரேக்குகளைச் சரியாகப் போடவில்லை என்று ரயில்வே கம்பெனியின் தலைவர் சில நாட்களிலேயே பழியை அவர்மேல் போட்டார்.

பிரேக் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும். எஞ்சின் ஓடும்வரை கம்ப்ரஸர் காற்றை அழுத்திச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றின் பலத்தால்தான் பிரேக் கட்டை சக்கரத்தைப் பிடிக்கிறது. குழாய்களிலும் இணைப்புகளிலும் கசிவு எப்போதும் கொஞ்சம் உண்டு. எஞ்சின் நின்றால் அழுத்தம் மெல்ல இறங்கும். குழாய் அறுந்து காற்று சட்டென்று போனால் வண்டிகளின் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். மெதுவாகக் கசிந்தாலோ, பிடிக்காமலே போகலாம். இன்றைய லாரிகளில் காற்று போனால் ஸ்பிரிங் இறுகிச் சக்கரத்தைப் பிடிக்கும்; இந்த ரயில் எஞ்சினின் பிரேக் அப்படியல்ல, காற்று போனால் பிடியும் போயிற்று. ஆகவே நிறுத்திவைத்த ரயிலுக்குக் காவல், கையால் சுற்றி இறுக்கும் கைப் பிரேக்குகளே.

நான்ட் என்ற ஊரருகே சரிவில் நின்ற அந்த ரயிலில் 7 கைப் பிரேக்குகள் போடப்பட்டிருந்தன. குறைந்தது 17 வேண்டும் என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. சோதித்தபோது எஞ்சினின் காற்றுப் பிரேக்கும் சேர்ந்து பிடித்திருந்ததால், ஏழே போதும் என்று தோன்றிவிட்டது. பிறகு எஞ்சினில் தீ. அணைக்க வந்தவர்கள் எஞ்சினை நிறுத்தினார்கள். கம்பெனி அனுப்பிய ஆள் தண்டவாள வேலை பார்ப்பவர். எஞ்சின் விவகாரம் அறியாதவர். ஒரு மணி நேரம்போல் காற்று கசிந்தது. ரயில் நகர்ந்தது. ஊருக்குள் நுழைந்தபோது வேகம் மணிக்குச் சுமார் 105 கிலோமீட்டர்!

தீ எதனால் வந்தது? எட்டு மாதங்களுக்கு முன் பழுதான அதே எஞ்சினை முறையாகச் சீர்செய்யாமல், பசை போன்ற ஒரு பொருளை வைத்து ஒட்டியிருந்தார்கள். செலவு மிச்சம், நாளும் மிச்சம்.

72 டாங்கிகளுக்கு ஒரே ஆள்! ஒரே தொழிலாளியிடம் மேலும் இரண்டு தறிகளைக் கட்டும் மில்லில் நிற்பவருக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. இன்னொருவர் இருந்திருந்தால் பிரேக்கை மறுபடி சோதிக்கச் சொல்லியிருக்கக் கூடும். இந்தக் கம்பெனி ஒற்றை ஆளோடு வண்டி ஓட்ட 2012-ல் இடம்கொடுத்தது சர்க்கார். ஆபத்தான சரக்கு ரயில்களில் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்று அதே சர்க்கார் உத்தரவிட்டது 2013 ஜூலை 23-ந் தேதி, விபத்து நடந்து 17 நாட்கள் கழித்து.

2018 ஜனவரியில் டிரைவரையும் மற்ற இரண்டு ஊழியர்களையும் கிரிமினல் அலட்சியக் குற்றச்சாட்டிலிருந்து ஜூரர்கள் விடுவித்தனர். அந்தக் கூண்டில் முதலாளி எவரும் நிறுத்தப்படவில்லை.