ஜோக்கரும் டேனியல் பிளேக்கும் என் ஓபி சீட்டும்

நைட் டூட்டி முடிஞ்சு தூக்கம் வராம 'ஜோக்கர்' படத்தை மறுபடி பார்த்தேன். கூடவே ரொம்ப நாளா தள்ளிப்போட்டுட்டு இருந்த 'ஐ, டேனியல் பிளேக்' படத்தையும். ரெண்டுமே 2016-ல வந்தவை. முடிவைச் சொல்லப் போறேன், பார்க்காதவங்க மன்னிக்கவும். கொஞ்சம் நீளமான த்ரெட்.

ராஜுமுருகனின் 'ஜோக்கர்' நமக்குத் தெரிஞ்ச கதை. தருமபுரி கிராமம். அரசு கழிப்பறைத் திட்டத்துல காசைத் தின்னு அரைகுறையா விட்ட சுவர் இடிஞ்சு, மன்னர் மன்னனோட மனைவி கோமாவுக்குப் போறாங்க. குரு சோமசுந்தரம் கோர்ட்ல நிக்கிற காட்சியெல்லாம் இப்பவும் தொண்டையை அடைக்குது. ஆனா அதுல நம்ம கோபத்துக்கு ஒரு முகவரி இருக்கு. கமிஷன் அடிச்சவன் மேல கோபப்பட்டுட்டு டிவியை அணைச்சிடலாம்.

கென் லோச் படத்துல அந்த வசதி இல்லை. நியூகாசில்ல ஒரு தச்சர், 59 வயசு, மாரடைப்பு வந்தவர். டாக்டர் வேலைக்குப் போகாதேன்னு சொல்லிட்டார். உதவித்தொகைக்கு மதிப்பீடு பண்ற அம்மாவோ, தொப்பி போடுற மாதிரி கையைத் தூக்க முடியுமான்னு கேட்கிறாங்க. அவர் இதயத்தைப் பத்திப் பேச வந்தா, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். கடைசில 'வேலை செய்யத் தகுதியானவர்'னு கடிதம் வருது. மேல்முறையீட்டு நாளன்னிக்கு அந்தக் கட்டட கழிப்பறையிலேயே விழுந்து செத்துப்போறார். படம் முழுக்க யாரும் லஞ்சம் வாங்கல. எல்லாரும் விதிப்படிதான் நடந்துக்கிறாங்க.

அந்தத் தொப்பிக் கேள்வியில நான் படத்தை நிறுத்திட்டேன். ஏன்னா அதை நானும் கேட்டிருக்கேன்.

தூத்துக்குடில எங்க ஓபிக்கு வர்ற ஒரு உப்பளத் தொழிலாளி (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்). 54 வயசு. மாரடைப்பு வந்து, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஸ்டென்ட் வெச்சாச்சு. கைக்காசு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனா வர லேட் ஆனதுல இதயத்தசை நிறைய போயிடுச்சு. எக்கோல இஎஃப் 25 சதவீதம். அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் வெளியே தள்ளுற ரத்தத்தோட அளவு. நல்ல இதயத்துல 55-க்கு மேல இருக்கணும். உச்சி வெயில்ல உப்பு வாருற வேலைக்கு இது ஆகவே ஆகாது.

"சார், அந்த ஊனச் சர்ட்டிபிகேட்டு ஒண்ணு போட்டுத் தந்தீயன்னா மாசம் ஏதோ வருமாம்லா?"

"கை கால் நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி? ஹார்ட்டுக்கு அது கிடையாது."

நான் சொன்னது தப்பில்லை. 1995 சட்டத்துல 7 வகையா இருந்த ஊனம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 ஆச்சு. பார்க்கின்சன், தலசீமியா, ஹீமோபிலியா எல்லாம் உள்ளே வந்தது பெரிய விஷயம். இதயச் செயலிழப்பு அதுல இல்லை. சிறுநீரகச் செயலிழப்பும் இல்லை. சலுகைக்கு 40 சதவீத ஊனம் வேணும். அவருக்கு என்னால ஒரு சதவீதம்கூட எழுத முடியாது. முதியோர் பென்ஷனுக்கு 60 வயசு ஆகணும். அந்த இதயத்தோட இன்னும் 6 வருஷம் ஓட்டினா கிடைக்கும். மழைக்காலத்துல உப்பளத் தொழிலாளிக்கு அரசு தர்ற 5,000 ரூபாய் வேலை இல்லாத மாசங்களுக்குத்தான். வேலை செய்ய முடியாத உடம்புக்கு இல்லை.

லட்சக்கணக்குல செலவு பண்ணி ஸ்டென்ட் வைக்கிறோம். அப்புறம் அந்த மனுஷன் அதே உப்பளத்துக்குப் போகாம இருக்க ஒண்ணுமே கொடுக்கிறதில்லை. மருத்துவமா மட்டும் பார்த்தாலே இது வீண்.

நம்ம ஊரை மட்டம் தட்டுறதுக்காக இதைச் சொல்லல. பிளேக் படத்துல ஒரு காட்சி: இலவச உணவு கொடுக்கிற இடத்துல ரெண்டு பிள்ளைகளோட தாய் பசி தாங்காம டின்னை உடைச்சுக் கையாலேயே அள்ளிச் சாப்பிடுவா. அவ்வளவு பணக்கார நாட்டுல! இங்க என் பேஷன்ட் வீட்டுல ரேஷன் அரிசி இருக்கு. பேரப்பிள்ளைக்கு ஸ்கூல்ல சத்துணவு இருக்கு. ஓபில யாரும் அவர்கிட்ட வருமானச் சான்று கேட்கல. நிரூபின்னு கேட்காத இடத்துல எல்லாம் நம்ம திட்டங்கள் ஆளைத் தேடிப் போய்ச் சேருது. நிரூபின்னு கேட்கிற இடத்துலதான் அறுந்துபோகுது. உப்புல தேய்ஞ்ச விரலுக்குக் கைரேகை மெஷின் படுத்துற பாட்டை இந்த ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லணுமா என்ன?

முடியாத காரியமும் இல்லை. காசநோய்னு நாங்க உறுதிப்படுத்திப் பதிவு பண்ணினா சிகிச்சைக் காலத்துக்கு மாசக் கணக்குப் போட்டு பேங்க்ல பணம் ஏறுது. 2018-ல 500 ரூபாய், 2024 நவம்பர்லருந்து 1,000. அதே மாதிரி, 'இவர் இனி உடலுழைப்பு செய்யக் கூடாது'ன்னு அரசு மருத்துவமனை எக்கோ ரிப்போர்ட்டோட எழுதினா, 60 வயசு வரை ஒரு மாதத் தொகை ஏன் கூடாது? ஏமாத்துவாங்கன்னு சிலர் கமெண்ட் போடுவீங்க. இஎஃப் 25-ஐ யாரும் நடிச்சு வாங்க முடியாதுங்க. சந்தேகமா இருந்தா இன்னொரு டாக்டரை வெச்சு எக்கோ எடுங்க.

அண்ணாச்சி போன மாசம் ரிவ்யூவுக்கு வந்தார். கால்ல வீக்கம், ரெண்டு தலையணை வெச்சாத்தான் தூக்கமாம். வேலைக்குப் போறீங்களான்னு கேட்டேன். "இல்ல சார், சும்மாதான் இருக்கேன்"னார். உள்ளங்கையில புதுசா வெடிப்பு இருந்துச்சு. மாத்திரை டோஸை ஏத்தி எழுதிக் கொடுத்தேன்.