சத்துணவு முட்டைக்கு ஒரு நிபந்தனை சேருங்கள்

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கு,



சத்துணவுத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் 5 முட்டை கிடைக்கிறது. அதில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. அந்த முட்டையை இடும் கோழிக்காகத்தான் இந்த மடல்.

நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் முட்டைக்கோழிகள் பெரும்பாலும் கம்பிக் கூண்டுகளிலேயே வாழ்ந்து முடிகின்றன. ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஓர் ஏ4 தாளைவிடச் சிறியது. அங்கே சிறகை முழுதாக விரிக்க முடியாது. மண்ணைக் கிளறவும் புழுதியில் புரளவும் முட்டையிட மறைவிடம் தேடவும் வழியில்லை. நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தும் என்பதற்காக, குஞ்சாக இருக்கும்போதே அலகின் நுனியைச் சூடான தகட்டால் வெட்டிவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டை. அத்தனை ஓட்டுக்கும் சுண்ணாம்புச்சத்தைக் கொடுத்து எலும்பு பலவீனமாகிறது. சுமார் ஒன்றரை வயதில் கறிக்கு ஏற்றிவிடுகிறார்கள்.

நடமாட இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11இன்படி குற்றம். இந்தக் கூண்டு முறையைக் கைவிட வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் இத்தகைய வெற்றுக் கம்பிக் கூண்டுகளுக்குத் தடை விதித்திருக்கிறது.

கூண்டில்லா முட்டைக்குச் செலவு கூடும்; மறுக்கவில்லை. கடன் வாங்கிக் கொட்டகை போட்ட பண்ணையாளர் தலையில் அந்தச் சுமையை இறக்குவது நியாயமும் அல்ல. ஆனால் அரசு மாநிலம் முழுவதற்கும் முட்டை வாங்குகிறது. இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டால் பண்ணை மாறும். வரும் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு சிறு பங்கைக் கூண்டில்லா முட்டைக்கு ஒதுக்குங்கள். கட்டுப்படியாகும் விலை கொடுங்கள். ஆண்டுதோறும் பங்கைக் கூட்டுங்கள். பல ஆண்டு ஒப்பந்தம் கையில் இருந்தால் மாறத் துணிவோருக்கு வங்கியும் கடன் தரும். பயிற்சிக்கு நாமக்கல்லிலேயே அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பசித்த பிள்ளைக்கு முட்டை கொடுப்பது அறம். அதை இடும் உயிரை வதைக்காமல் கொடுப்பதும் அதே அறத்தின் பகுதிதான். வரும் ஒப்பந்தப்புள்ளியிலேயே இதைத் தொடங்கிவைக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டுக் குடிமகள் ஒருத்தி