ஆங்கில ஆய்வுச்சுருக்கமும் தொகை விரித்தலும்

தமிழ் ஆய்விதழ்கள் பலவும் கட்டுரையோடு ஆங்கில ஆய்வுச்சுருக்கத்தையும் வேண்டுகின்றன. தமிழறியாத அறிஞர் ஓர் ஆய்வின் முடிபை அறிதற்கு அச்சுருக்கமே வாயில். எனினும், அதன் மொழியைப் பிறரைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம் என்னும் எண்ணம் நம்மிடையே உள்ளது. எழுத்துப்பிழையைப் பிறர் களையலாம். ஒத்த தோற்றமுடைய பெயர்த்தொடர்களுள் தம் கருத்துக்கு உரியது எது என்பதை ஆய்வாளரே துணிதல் வேண்டும்.

சங்க அகப்பாடல்களில் தலைவி கூற்றை ஆராயும் ஒருவர் தம் ஆய்வுப்பொருளை ‘விமன்ஸ் பொயட்ரி’ எனக் குறிப்பதாகக் கொள்வோம். படிப்போர் அதனைப் பெண்கள் இயற்றிய பாடல்கள் என்றே பெரும்பாலும் கொள்வர். ஆனால், குறுந்தொகையின் 25ஆம் பாடல் தலைவி கூற்று, பாடியவர் கபிலர். ஔவையாரோ புறநானூற்றில் அதியமானின் வீரத்தையும் கொடையையும் பாடியுள்ளார். பாடியவர் பெண், பாட்டினுள் பேசுபவர் பெண், பாடுபொருள் பெண் என்னும் மூன்றும் வெவ்வேறானவை. முதலாவதற்குப் ‘பொயம்ஸ் பை விமன்’ என்பதும், இரண்டாவதற்குப் ‘பொயம்ஸ் இன் அ உமன்ஸ் வாய்ஸ்’ என்பதும், மூன்றாவதற்குப் ‘பொயம்ஸ் அபௌட் விமன்’ என்பதும் பொருந்தும். இத்தேர்வு பிழைப்பின் ஆய்வின் எல்லையே மாறித் தோன்றும்.

இச்சிக்கல் தமிழிலக்கணம் கற்றோர்க்குப் புதிதன்று. தொகைச்சொல் இரண்டு முதல் ஏழு வரை பொருள்பட மயங்கும் என்கிறது நன்னூல். ‘பெண் கவிதை’ என்னும் தொகையைப் பெண்ணால் இயற்றப்பட்ட கவிதை, பெண்ணைப் பற்றிய கவிதை, பெண்ணுக்குரிய கவிதை என விரித்துக் காணும் பயிற்சியே, ஆங்கிலத்தில் ‘பை’, ‘அபௌட்’, ‘ஃபார்’ ஆகியவற்றுள் உரியதைத் தெரிவதற்கும் துணைசெய்யும்.

எழுவாய் பயனிலை இயைபும் இவ்வாறே நோக்கத்தக்கது. ‘அ நம்பர் ஆஃப் இன்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்பது கல்வெட்டுகள் பல எனப் பொருள்பட்டுப் பன்மை வினை கொள்ளும். ‘த நம்பர் ஆஃப் இன்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்பது கல்வெட்டுகளின் எண்ணிக்கை எனப் பொருள்பட்டு ஒருமை வினை கொள்ளும். ஓர் ஏரியைக் குறிப்பிடுவன கல்வெட்டுகளே. எண்ணிக்கை கூடலாம், குறையலாம், எதனையும் குறிப்பிடாது. ஆகவே, ‘மென்ஷன்’ என்னும் வினைக்கு முன்னையதே எழுவாயாக வரும். வினையை நிகழ்த்துவது எது என வினவின் உரிய தொடர் புலப்படும்.

சொல்லெல்லை குறுகிய சுருக்கத்தில் விரித்தெழுத இடமில்லை என்பர் சிலர். கூடுவன ஓரிரு சொற்களே. அவற்றைச் சிக்கனப்படுத்துவதால் இழப்பதோ ஆய்வின் கருத்து. எனவே, தலைப்பிலும் முதல் வாக்கியத்திலும் அமையும் ஆங்கிலப் பெயர்த்தொடர்களைத் தமிழில் விரித்துக் காட்டுமாறு மதிப்பீட்டாளர்கள் கட்டுரையாளரைக் கேட்பது நன்று. விரிக்கும்போதே மயக்கம் வெளிப்படும். திருத்தமும் அவர் கையாலேயே அமையும்.