நாசாவின் நான்கு செல்களும் வியாசர்பாடி பணிமனையும்

மாண்புமிகு தமிழ்நாடு போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னியல் நடத்தும் ஆசிரியர் நான். மின்வாகன ஆராய்ச்சியில் இருக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டுகிறேன். தொழில்நுட்பக் கருத்தரங்குகளில் அமர்வுத் தலைவராக இருந்து அவர்கள் கட்டுரை வாசிப்பதைக் கேட்கிறேன். அந்த மேடைகளில் ஆண்டுதோறும் காணும் ஒரு பெருங்குறையைத் தங்கள் துறையால் நீக்க முடியும். அதற்காகவே இந்த மடல்.

அண்மையில் ஒரு கருத்தரங்கில் மாணவி ஒருவர் பேட்டரியின் எஞ்சிய ஆயுளைக் கணிக்கும் முறை பற்றிப் பேசினார். திரையில் இரண்டு கோடுகள்: நீலம் உண்மை அளவு, சிவப்பு அவருடைய கணிப்பு. இரண்டும் ஏறத்தாழ ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தன. கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து தொழிற்சாலைப் பொறியாளர் ஒருவர் எழுந்தார்.

"இது எந்த பேட்டரிம்மா? என்ன வெப்பநிலை?"

"நாசா வெளியிட்ட தரவு சார். 24 டிகிரி."

"நம்ம ஊர் பஸ்சுக்குப் பொருந்துமா?"

"சொல்ல முடியாது சார். நம்ம ஊர் பஸ் தரவு எங்களுக்குக் கிடைக்கவில்லை."

நேர்மையான பதில். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் லித்தியம் அயனி செல்களைத் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றி இறக்கி, பதிவுகளை எல்லோருக்கும் திறந்து வைத்தது. 5, 6, 7, 18 என்று எண்ணிட்ட நான்கு செல்கள் இத்துறை மாணவர்களுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. கொள்ளளவு 2 ஆம்பியர்-மணி. கொள்ளளவு 30 சதவீதம் குறைவதையே ஆயுளின் எல்லையாக வைத்துச் சோதித்தார்கள். தரவைப் பொதுவில் வைத்த அந்தப் பெருந்தன்மையால் உலகெங்கும் எண்ணற்ற ஆய்வுகள் பிறந்தன. அதற்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

ஆனால் அறை வெப்பத்தில் மேசைமேல் இருந்த செல் வேறு, கத்திரி வெயிலில் ஓடும் பேருந்தின் பேட்டரி வேறு. வெப்பம் கூடக்கூட பேட்டரிக்குள் வேண்டாத வேதிவினைகள் வேகம் பிடித்து ஆயுளைத் தின்கின்றன. தொடராக இணைந்த செல்களில் நலிந்த ஒன்றுதான் மொத்தத் தொகுப்பின் எல்லையைத் தீர்மானிக்கிறது. மின்பேருந்துகளில் பரவலாக உள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தாலும் கீழே இருந்தாலும் மின்னழுத்தம் பெரிதாக மாறுவதில்லை. அதை மட்டும் பார்த்து மீதி எவ்வளவு என்று சொல்ல முடியாது. கூட்ட நெரிசல், குளிர்சாதனம், நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிரேக், இரவுச் சார்ஜ் எல்லாம் சேர்ந்த பதிவு இருந்தால்தான் நம் கணிப்பு நம் சாலைக்கு உதவும்.

அந்தப் பதிவு நம் ஊரிலேயே உருவாகிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் 120 மின்பேருந்துகள் புறப்பட்டன. இப்படிப்பட்ட பேருந்துகளின் பேட்டரி மேலாண்மை அமைப்பு, வண்டி ஓடும்போதெல்லாம் மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை ஆகியவற்றை அளந்தபடியே இருக்கிறது. பேருந்துகளை வைத்துப் பராமரிப்பது தனியார் நிறுவனம். ஓடும் கிலோமீட்டருக்குக் கணக்கிட்டுப் பணம் தருவது கழகம். மக்கள் பணத்தில் ஓடும் வண்டி தரும் அளவுகள் மக்கள் ஆராய்ச்சிக்கும் பயன்பட வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

இதில் கழகத்துக்கும் ஆதாயம் உண்டு. பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும் என்று ஒப்பந்தப்புள்ளி போடுபவர் சொல்வதைக் கழகமே சரிபார்க்கலாம். எந்த வழித்தடம் பேட்டரியை அதிகம் வருத்துகிறது, எந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றினால் சூடு குறையும், பேருந்துக்கு உதவாத பேட்டரியைச் சூரிய மின்சாரம் சேமிக்கப் பயன்படுத்தலாமா என்ற கேள்விகளுக்கு உள்ளூரிலேயே விடை தேடலாம்.

தொழில் ரகசியம் என்ற மறுப்பு எழும். வண்டி எண்ணையும் ஓட்டுநர் விவரத்தையும் நீக்கிவிட்டு, ஆறு மாதம் தாமதித்து, வெப்பநிலை, மின்னோட்டம், மின்னழுத்தம், ஓடிய தூரம் ஆகியவற்றை மட்டும் கொடுத்தால் போதும். வடிவமைப்பு வரைபடமோ மென்பொருளோ எங்களுக்கு வேண்டாம்.

தங்களிடம் கேட்பவை நான்கு. இனிப் போடும் மின்பேருந்து ஒப்பந்தங்களில் தரவுப் பகிர்வை ஒரு நிபந்தனையாகச் சேருங்கள். நடப்பு ஒப்பந்தங்களில் நிறுவனங்களின் இசைவைப் பெறுங்கள். அத்தரவை அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வைத்து, எந்தக் கல்லூரி மாணவரும் எடுத்தாள வழி செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அத்தரவை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தமிழில் வாசிக்கும் கருத்தரங்கு நடத்தி, பணிமனைப் பொறியாளர்களையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் முன்வரிசையில் அமர்த்துங்கள். வண்டியின் அடியில் படுத்துப் பழுது பார்ப்பவர் கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்வதுதான் ஆராய்ச்சிக்கு உண்மையான தேர்வு.

எல்லாப் பணிமனைகளையும் ஒரே நாளில் திறக்கச் சொல்லவில்லை. வியாசர்பாடியில் ஒரு கோடைக்காலப் பதிவை மட்டும் முதலில் கொடுங்கள். மீதி வேலையை எங்கள் மாணவர்கள் செய்வார்கள்.

இப்படிக்கு,
மின்னியல் ஆசிரியர் ஒருவர்