திறப்பு ஆரிட்ட இருக்குது?

யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் பில் அடிக்கிற கொம்பியூட்டர் நின்றுபோனால் முதலில் கூப்பிடுவது எஞ்சினியரை இல்லை. "தம்பி, இதை ஒருக்காப் பார்" என்று கல்லாவில் நிற்கிற பொடியனைத்தான். அவன் வயரைக் கழட்டிப் பூட்டுவான், ஓஃப் பண்ணி ஓன் பண்ணுவான், யூரியூப்பில் தேடுவான். அரை மணித்தியாலமாகியும் சரிவராவிட்டால்தான் ரவுணுக்கோ கொழும்புக்கோ போன் போகும்.

எங்களில் சிலர் அந்தத் தம்பியாக நின்றிருக்கிறோம். சிலர் போனின் மறுபக்கம் இருந்து, "அக்கா, திரையில என்ன எழுதியிருக்கு, ஒருக்கா வாசியுங்கோ" என்று கேட்டிருக்கிறோம். அதனால் சிறு வியாபாரம் செய்கிற ஆட்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கொம்பியூட்டர் வேலைக்கு வெளியில் ஒரு கொம்பனியைப் பிடிக்கிறதா, இல்லாட்டில் சொந்தமாக ஒராளைச் சம்பளத்துக்கு வைக்கிறதா?

எங்கட அபிப்பிராயத்தை முதலே சொல்லிவிடுகிறோம். பத்து மெசினுக்குள் உள்ள கடை, பாமசி, ரியூட்டறி, விருந்தினர் விடுதி என்றால் வெளியாள்தான் சரி. ஆனால் வேலையை வெளியில் குடுக்கலாம், திறப்பைக் குடுக்கக்கூடாது. எங்கட ஊரில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். பாதி வேலையை உள்ளுக்கு நிற்கிற பொடியன் சும்மா செய்கிறான், திறப்புகள் முழுக்க வெளியாளிடம் இருக்கின்றன.

காசுக் கணக்கைப் பார்ப்போம். ஐடி படித்த ஒரு பிள்ளைக்கு மாதம் 80,000 ரூபா சம்பளம் என்று வையுங்கோ. அதற்கு மேல் முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். அது 12,000. ஆக மாதம் 92,000, வருசத்துக்கு 11 லட்சத்து 4,000 ரூபா. தீபாவளி போனஸ் வேற. இவ்வளவு காசுக்கு அந்தக் கடையில் என்ன வேலை இருக்கிறது? ஆறு கொம்பியூட்டர், ரெண்டு பிறின்டர், ஒரு றூட்டர், நாலு கமெரா. எல்லாத்தையும் ஒழுங்காகப் பார்த்தாலும் மாதத்தில் நாலைஞ்சு நாளுக்கு மேல் வராது. மிச்ச நாளில் அவர் ஸ்ரொக் எண்ணுவார், பேஸ்புக்கில் விளம்பரம் போடுவார், முதலாளி வீட்டு வைஃபை வேலை செய்யேல்லை என்றால் அதையும் போய்ப் பார்ப்பார்.

இதில் நட்டம் முதலாளிக்கு மட்டும் இல்லை. அந்தப் பிள்ளைக்கும்தான். தனியாளாக ஒரு கடையில் இருக்கிறவருக்குப் பக்கத்தில் கேட்டுப் படிக்க மூத்த ஆள் ஒருவரும் இல்லை. ரெண்டு வருசம் கழித்து வேற இடத்துக்கு விண்ணப்பம் போடும்போது எழுத ஒன்றும் இராது. கொஞ்சம் கெட்டிக்காரர் என்றால் அதற்கு முதலே கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவார். கடையின் கொம்பியூட்டர் எப்படி ஓடுது என்ற விசயம் அவரின் தலைக்குள் இருந்தது, அதுவும் கூடவே போய்விடும். "சொந்த ஆள் எண்டால் எங்களோடயே இருப்பார்" என்று முதலாளிமார் சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. ஆர் இருக்கினம்?

சரி, வெளியாள் என்றால் எப்படியான வெளியாள்? இதைத்தான் ஆட்கள் கவனிக்கிறதில்லை. கூப்பிட்டால் வந்து, வந்த நேரத்துக்குக் காசு வாங்குகிறவர் ஒரு வகை. மெசின் உடைஞ்சால்தான் அவருக்கு வருமானம். மாதம் ஒரு தொகை பேசி, எத்தனை தரம் பழுதானாலும் அதே காசுக்குப் பார்க்கிறவர் இன்னொரு வகை. மெசின் உடையாமல் இருந்தால்தான் அவருக்கு லாபம். முதலாவது ஆள் கெட்டவர் என்று நாங்கள் சொல்லவில்லை, அவரில் கன பேர் எங்கட சிநேகிதர்தான். ஆனால் பழுது வராமல் பார்க்கச் சொல்லி அவருக்கு ஒருவரும் காசு கொடுக்கிறதில்லை, பிறகு அவர் ஏன் பார்க்கப் போகிறார்?

ஒரு உதாரணம். விண்டோஸ் 10 இற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேற்றுகளை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7 இற்கு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 7 இல் பில் அடிக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. அந்த மெசினை ஒவ்வொரு தரமும் வந்து திருத்திக் குடுத்த ஆளுக்கு இது தெரியாமல் இல்லை. "இது இனிப் பாதுகாப்பில்லை, மாத்துங்கோ" என்று சொல்வது அவரின் வேலையாக இருக்கவில்லை, அவ்வளவுதான். மாதக் காசுக்கு ஆள் பேசுகிறவர்கள் முதல் நாளே கேட்க வேண்டியது இதைத்தான்: எங்கட மெசினுகளில் எதற்கு எப்ப காலம் முடியுது, எழுதித் தாங்கோ. எழுதித் தர ஏலாத ஆளிடம் மாதக் காசு கொடுத்து என்ன பிரயோசனம்?

அடுத்தது தூரம். கொழும்புக் கொம்பனி மலிவாகவும் பெயரோடும் இருக்கும். ஆனால் சனிக்கிழமை காலமை பதினொரு மணிக்கு, கடை நிறையச் சனம் நிற்கும்போது பில் மெசின் நின்றால், கல்லாவில் நிற்கிற பிள்ளை தன் பிரச்சினையைத் தமிழில் சொல்ல முடிய வேண்டும். சிங்களத்திலோ இங்கிலீசிலோ தடுமாறிக்கொண்டு நின்றால் பத்து நிமிச வேலை ஒரு மணித்தியாலமாகும். முல்லைத்தீவிலும் மன்னாரிலும் கடை வைத்திருக்கிறவர்களுக்கு ஆள் நேரில் வருவதே பெரிய விசயம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதே, அந்த நாட்களை யோசியுங்கோ. றூட்டரே செத்துக் கிடக்கும்போது தூரத்தில் இருந்து திருத்துகிற ஆளால் என்ன செய்ய முடியும்? யுபிஎஸ் பற்றரி போய்விட்டதா என்று தொட்டுப் பார்க்க ஊரில் ஒராள் வேணும். அதனால் கொழும்பை விட, அரை மணித்தியாலத்தில் மோட்டர் சைக்கிளில் வந்து சேரக்கூடிய ஆட்களையே நாங்கள் சொல்வோம்.

இனித் திறப்பு விசயம். 2021 ஜூலையில் கசேயா என்ற அமெரிக்கக் கொம்பனியின் சொஃப்ட்வெயார் ஒன்றைக் கள்ளர் உடைத்தார்கள். வெளியாட்கள், தாங்கள் பராமரிக்கிற கடைகளின் கொம்பியூட்டர்களைத் தூரத்தில் இருந்து பார்ப்பதற்குப் பாவிக்கிற சொஃப்ட்வெயார் அது. அந்த ஒரு கதவால் போய், உலகம் முழுக்க 1,500 வரையான நிறுவனங்களின் கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்டார்கள். சுவீடனில் கூப் என்ற கூட்டுறவு அங்காடி தன் 800 அளவான கடைகளை மூட வேண்டி வந்தது. கூப் அந்த சொஃப்ட்வெயாரை நேரே வாங்கவே இல்லை. அவர்களின் பில் மெசினைப் பார்த்த கொம்பனி பாவித்தது.

அது எங்கேயோ சுவீடனில் என்று விடாதையுங்கோ. எங்கட கடைகளில் அநேகமாக எல்லாக் கொம்பியூட்டரிலும் எனிடெஸ்க் கிடக்கிறது, நிரந்தரக் கடவுச்சொல் போட்டபடி. தங்கட சேவர்களுக்குள் ஆட்கள் புகுந்ததாக 2024 பெப்ரவரியில் அந்தக் கொம்பனியே அறிவித்தது. உங்களுக்கு வேலை செய்கிறவர் பத்துக் கடைக்கும் ஒரே கடவுச்சொல்லைப் போட்டிருந்தால் என்ன நடக்கும் என்பதை நீங்களே யோசியுங்கோ.

அப்ப உள்ளுக்கே ஆளை வைத்தால் பாதுகாப்பா? இல்லை. 2023 இல் எங்கட அரசாங்கத்தின் மின்னஞ்சல்களுக்கு நடந்தது தெரியும்தானே. கப்பம் கேட்கிற வைரஸ் புகுந்ததில், மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போய்விட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அந்த மூன்று மாதத்துக்கும் மேலான காலத்துக்கு மீட்டெடுக்கப் பக்அப் இருக்கவில்லை. ஒரு அரசாங்கத்துக்குச் சம்பளத்துக்கு ஆட்கள் இல்லாமலா? ஆள் உள்ளுக்கா வெளியிலயா என்பதை விட, கடைசிப் பக்அப் எப்ப எடுத்தது, அதை ஒருக்காவாவது திருப்பிப் போட்டுப் பார்த்ததா என்பதுதான் பெரிய கேள்வி. மூன்று பிரதி, ரெண்டு விதமான சாதனத்தில், அதில் ஒன்று கடைக்கு வெளியில் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. அந்த வெளிப் பிரதி முதலாளியின் வீட்டு அலுமாரியில் ஒரு ஹார்ட் டிஸ்க்காக இருந்தாலே போதும். கொம்பியூட்டரில் பூட்டியபடி மட்டும் இருக்கக்கூடாது, வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

திறப்பு என்று நாங்கள் சொல்வது கடவுச்சொல்லை மட்டும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு விருந்தினர் விடுதியின் இணையப் பெயர், அதை வடிவமைத்தவரின் சொந்தப் பெயரில் பதியப்பட்டிருந்தது. கூகுளில் இருந்து வருகிற இலக்கம் அவரின் போனுக்குத்தான் போகும். அவர் கனடாவுக்குப் போய், போன் இலக்கமும் மாறி, புதுப்பிக்கிற திகதியும் கடந்துபோனது. விடுதிக்காரருக்கு ஏழு வருசமாகப் பாவித்த பெயர் இல்லாமல் போனது. அவர் ஏமாத்தவில்லை, மறந்துபோனார். ஏமாத்தியிருந்தால் பொலிசுக்காவது போயிருக்கலாம்.

ஆகவே இணையப் பெயர் கடையின் பெயரில், கடையின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். எல்லா மெசினினதும் நிர்வாகிக் கடவுச்சொல், றூட்டர், கமெரா, பில் சொஃப்ட்வெயார் லைசன்ஸ் இவை ஒரு கடதாசியில் எழுதப்பட்டு, ஒட்டிய உறையில் முதலாளியின் பெட்டகத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளுக்குள் எல்லாத்தையும் கையளிக்க வேண்டும் என்பதும் எழுத்தில் வேணும். "நம்பிக்கையில செய்யிறம் தம்பி, எழுத்தெல்லாம் என்னத்துக்கு" என்பார்கள். நகை ஈடு வைக்கும்போது மட்டும் துண்டு வாங்க மறக்கமாட்டினம். சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவை எதற்காகப் பாவிப்பது என்று தீர்மானிக்கிறவர் வேறு, அவருக்காக அதைக் கையாள்கிறவர் வேறு. பாமசியில் வாங்குகிற மருந்துக்கு எங்கட பெயரைப் பதிகிறீர்கள் என்றால், அந்தப் பதிவு வெளியாளின் சேவரில் கிடந்தாலும் பொறுப்பு உங்களை விட்டுப் போகாது.

கல்லாவில் நிற்கிற தம்பிக்கு வருவோம். தம்பி என்கிறோம், ஆனால் கன இடங்களில் அது ஒரு தங்கச்சி. முழுக் கடையின் கொம்பியூட்டர் விசயமும் அவவுக்குத்தான் தெரியும். ஆனால் திருத்துகிறவர் போன் எடுத்தால், "அங்க பொடியன் ஒருத்தரும் இல்லையோ" என்று கேட்பார். வெளியாள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உள்ளுக்கு ஒருவர் இல்லாமல் இந்த ஏற்பாடு ஓடாது. எது பிழைத்தது என்று பார்த்துச் சொல்ல, பக்அப் டிஸ்க்கை மாற்றிவைக்க, புதிதாக வருகிற ஆளுக்குப் பழக்கிக்காட்ட ஒராள் வேணும். இது வேலை. வேலை என்றால் வேலைப் பட்டியலில் எழுதப்பட வேண்டும், சம்பளத்தில் தெரிய வேண்டும். மாதம் 92,000 மிச்சம் பிடிக்கிற முதலாளி, அதில் ஒரு 8,000 ரூபாவை இந்தப் பிள்ளைக்கு அலவன்சாகக் கொடுத்தால் குறைந்துபோகமாட்டார். வாசிக்கிற உங்களில் ஆராவது அப்படி நிற்கிறீங்கள் என்றால், ஒரு மாதம் கொப்பியில் எழுதிப் பாருங்கோ, எந்த நாள், என்ன பழுது, எத்தனை நிமிசம் என்று. சம்பளம் கதைக்கப் போகும்போது அந்தக் கொப்பி உதவும்.

நாற்பது, ஐம்பது மெசின் உள்ள மொத்த வியாபாரம், இரவு பகல் ஓடுகிற தனியார் ஆஸ்பத்திரி, கணினியே தொழிலாக உள்ள இடம் இவைக்குச் சொந்த ஆட்கள் வேணும், அதில் விவாதம் இல்லை. இடையில் இருக்கிற கடைகளுக்கு எங்களிடம் இன்னொரு யோசனை இருக்கிறது. ஒரே வீதியில் ஐந்து, ஆறு கடை சேர்ந்து இரண்டு இளம் ஆட்களை நிரந்தரச் சம்பளத்துக்கு வைத்தால் என்ன? ஒராள் லீவில் நின்றால் மற்றவர் இருப்பார், ஒருவரை ஒருவர் கேட்டுப் படிக்கலாம், சேமலாப நிதியும் ஒழுங்காகப் போகும். மூளாயில் கூட்டுறவாக ஆஸ்பத்திரியே கட்டி நடத்திய ஊர் இது, இதென்ன பெரிய காரியம்?

இதைச் சில கடைக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தோம். ஒருவர் உடனே தலையை ஆட்டினார். "பக்கத்துக் கடைக்காரன்ர ஆள் என்ர கொம்பியூட்டரைத் தொட்டால், என்ர விற்பனை முழுக்க அவனுக்குத் தெரிஞ்சிடும்." நியாயமான பயம்தான். ஆனால் அவருக்கு மெசின் திருத்துகிறவர்தான் அந்த வீதியில் எட்டுக் கடைக்கும் திருத்துகிறார். எட்டுக் கடையின் கடவுச்சொல்லும் இப்பவே அவரின் போனில் இருக்கிறது.