காம்போதியில் ஒரு முறையீடு



முகாரி என்றால் அழுகை, நீலாம்பரி என்றால் தாலாட்டு. மார்கழி பிறந்தால் சபா வாசல்களில் இந்தப் பேச்சு காதில் விழும். ஒரு ராகத்துக்கு ஒரே உணர்ச்சி என்று முத்திரை குத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்கான காரணம் நம் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறது.

தியாகராஜர் அரங்கன்மேல் பாடிய ஸ்ரீரங்க பஞ்சரத்தினத்தில் தோடி, ஆரபி, காம்போதி, தேவகாந்தாரி, சாரங்கா என ராகம் ஐந்து, பெருமாள் ஒருவர்தான். 'ராஜு வெடல' அரங்கனின் ராஜ புறப்பாட்டைப் பாடுவது. கனமான தோடியா இதற்கு என்று தோன்றும். தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்காமல் அசைந்தபடியே இருக்கும். ஸ்ரீபாதம்தாங்கிகளின் நடையில் நம்பெருமாள் அசைந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

'ஓ ரங்கசாயி' இன்னும் வியப்பு. காம்போதி கம்பீரமான ராகம். நாகஸ்வரக்காரர்கள் ஆசை தீர வாசிக்கும் ராகம். அதில் தியாகராஜர் வைத்திருப்பதோ மனக்குறை. கூப்பிட்டால் ஒரு 'ஓ' சொல்லி வரக்கூடாதா? இதுவே பூலோக வைகுண்டம் என்று பூரித்து, தாயாரோடு நீர் இருந்துவிட்டால் எங்கள் கவலை என்றைக்குத் தீரும்? வித்வான்கள் விரும்பி நிரவல் செய்வதும் அந்தப் பூலோக வைகுண்டத்தில்தான். முகாரியில் பாடியிருந்தால் இது கெஞ்சலாகியிருக்கும். காம்போதியில் உரிமைக் குரலாகிவிட்டது. அழாமலே குறை சொல்ல முடிகிறது!

மேற்கத்திய சங்கீதத்திலும் இந்த ஆராய்ச்சி உண்டு. மொசார்ட்டின் இருபத்தேழு பியானோ கான்செர்ட்டோக்களில் இரண்டுதான் மைனரில் அமைந்தவை. 1785-இல் எழுதிய டி மைனர் கான்செர்ட்டோவின் தொடக்கத்திலேயே ஒரு கலக்கம் தெரியும். அங்கே பலர் அந்த டி என்ற சுருதிக்கே ஒரு குணம் சொல்வார்கள். நமக்குச் சுருதி ஒரு கட்டையானாலும் ஐந்து கட்டையானாலும் காம்போதி காம்போதிதான். ஸ்வரங்களை மட்டும் எண்ணினால் அது ஹரிகாம்போதிக்கு வெகு அருகில் நிற்கும்; 'மகஸ' என்ற பிடி விழுந்ததும் ஆள் அடையாளம் தெரிந்துவிடும். உணர்ச்சி குடியிருப்பது அந்தப் பிடியிலும் கமகத்திலும், பாடுபவர் சாஹித்யத்தை எங்கே நிறுத்தி மூச்சு விடுகிறார் என்பதிலும்தான்.

இந்த மார்கழியில் ஐந்து கீர்த்தனைகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். தேவகாந்தாரியும் சாரங்காவும் மேடையில் அதிகம் கிடைப்பதில்லை, தேடியாவது கேளுங்கள். எந்த ராகத்தில் அரங்கன் உங்களுக்கு நெருங்கி வந்தார் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் பிரசுரிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்