இரவல் குதிரையில் மாப்பிள்ளை

சாணக்யபுரி அசோக் ஓட்டலில் பஞ்சாபிக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை பெரும்பாலும் குதிரையில்தான் வருவார். நம்மூர் ஜானவாசத்துக்குத் திறந்த கார் போல வடக்கே வெள்ளைக் குதிரை. சில மணி நேர வாடகை. மாப்பிள்ளைக்குக் குதிரையேறிப் பழக்கமில்லை. குதிரைக்கோ அவர் யாரென்றே தெரியாது. முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் நெரியும் கார்களின் ஹாரன்.

குதிரை மிரள்வது திமிரால் அல்ல. ஓடித் தப்புவது அதன் பிறவிக் குணம். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறையச் சுற்றிலும் தெரியும்; ஆனால் வாலுக்கு நேர் பின்னால் தெரியாது. ஹாரன் வருவதோ அங்கிருந்துதான். கண்பட்டை கட்டினால் பார்வை மறையும், காது மறையாது.

பழக்கினால் சரியாகிவிடுமா? லண்டனில் தூதரகங்கள் நிறைந்த பெல்கிரேவியாவில், 2024 ஏப்ரல் 24 அன்று, கட்டட வேலையில் இடிபாடு விழுந்த சத்தத்துக்கே அரச குதிரைப்படைக் குதிரைகள் வீரர்களைக் கீழே தள்ளிவிட்டு ஓடின. பஸ், டாக்சி சேதமாயின. இத்தனைக்கும் நகரத் தெருக்களில் போவதற்கென்றே பழக்கிய குதிரைகள்!

மிரளும்போது கடிவாளத்தை இறுக்கினால் பயம் கூடும். வாத்தியத்தை நிறுத்தி, பயந்த பொருளைப் பார்க்க விட்டு, பேச்சுக் கொடுத்து மெல்ல நடத்த வேண்டும். அப்போதும் அடங்காவிட்டால் மாப்பிள்ளையை இறக்கிவிடுவதே நல்லது. இதெல்லாம் குதிரைக்காரருக்குத் தெரியும். ஆனால் கூலி கொடுத்தவரின் மைத்துனர் ஆடிக்கொண்டிருக்கும்போது, 'கொட்டை நிறுத்துங்கள்' என்று யாரிடம் போய்ச் சொல்வார்?